விண்கப்பலில் தரை துடைப்பது யார்?

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சிலர் கூடிப் படம் போட்டுப் பார்த்து, முடிந்ததும் அதைப் பற்றிப் பேசுவோம். அன்றைக்குப் போட்டது, பூமி பாழாகிப்போய், மிச்சமிருக்கும் ஜனங்கள் ஒரு பெரிய விண்கப்பலில் ஏறி வேறு கிரகம் தேடிப் போகிற கதை. அம்பத்தூரில் ஒரு மருந்துக்கடையின் மாடியிலிருந்த சின்னக் கூடத்தில் இருபது பேர் இருந்தோம். பெரும்பாலும் அடுக்குமாடிகளில் குடியிருக்கும் மென்பொருள்காரர்கள், ஒரு கல்லூரி ஆசிரியர், தொழிற்பேட்டையிலிருந்து என்னைப்போல் இரண்டு மூன்று பேர். கடைசி வரிசையில், வாசல் பக்கத்து நாற்காலியில், ஒயர்கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். முதல் தடவையாக வந்தவர்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றார்.

"கேளுங்க" என்றேன்.

"அம்மாம் பெரிய கப்பல். தரை கண்ணாடி மாதிரி பளபளன்னு கீது. ரெண்டு மணி நேரமா பாத்துகினே இருந்தேன். ஒருத்தர்கூட தொடைக்கலியே. யாரு தொடைக்கிறாங்க?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். அது எதிர்காலம் இல்லையா, அதற்கெல்லாம் மிஷின் இருக்கும் என்று கல்லூரி ஆசிரியர் விளக்கினார்.

"சரி சார். அந்த மிஷினை யாரு தொடைக்கிறாங்க?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியை அவரே துடைத்துக்கொண்டதைப் பார்த்து எனக்குத்தான் சிரிப்பு வந்தது.

கேள்வி கேட்ட அந்தப் பெண் எங்கள் கம்பெனியில்தான் வேலை பார்த்தார். கார்களுக்கான சின்னச் சின்னத் தகட்டுப் பாகங்களை அடித்துக்கொடுக்கிற பிரஸ் ஷாப் எங்களுடையது. நான் குவாலிட்டி பிரிவு. அவர், லைனில் வந்து விழுகிற பாகங்களைப் பார்த்து நல்லது கெட்டது பிரிக்கிற வேலை. திரையிடல் அறிவிப்பை வாராவாரம் கேன்டீன் பலகையில் ஒட்டுவேன். அதைப் படித்துவிட்டு வந்த முதல் ஆள் அவர். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவராக இருப்பார். ஆனால் ஷாப்பில் எல்லோருக்கும், அவரைவிட மூத்தவர்களுக்கும்கூட, அவர் 'எக்கா'தான்.

வலது கை மணிக்கட்டோடு இல்லை.

அதை அவர் மறைத்ததும் இல்லை, எடுத்துக் காட்டியதும் இல்லை. அந்த இடத்தில் மாட்டிக்கொள்ள இரண்டு கைகள் வைத்திருந்தார். ஒன்று ரப்பர் கை. விரல், நகம், ரேகை எல்லாம் வைத்து அச்சு அசலாகச் செய்தது. நிறம் மட்டும் அவருடையதைவிட நல்ல வெளுப்பு. "யாரோ பணக்காரி கை சார். வழி தெரியாம என்கிட்ட வந்து மாட்டிகினு கீது" என்பார். அதைக் கல்யாணம் காதுகுத்துக்கு மட்டும்தான் மாட்டுவார். பெயரே கல்யாணக்காரி. இன்னொன்று எங்கள் டூல்ரூமில் செய்துகொடுத்தது. தோல் பட்டையில் பதித்த இரும்புக் கொக்கி. நுனியில் ரப்பர் உறை. அதன் பெயர் வேலைக்காரி. சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது வேலைக்காரியைக் கழற்றி, துணியால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, "போ, நீயும் ரெஸ்ட் எடு" என்று பெட்டியில் வைப்பார்.

எங்களிடம் வருவதற்கு முன் வேறொரு பட்டறையில் இருந்தபோது நடந்தது அது. பிரஸ்ஸுக்குள் கை போனால் உடனே நிறுத்துகிற ஒளித்திரை ஒன்று உண்டு. அது அடிக்கடி நிறுத்தி வேலையைக் கெடுக்கிறது என்று யாரோ ஒரு ஒயரைப் போட்டு அதைச் சும்மாவாக்கி வைத்திருந்தார்கள். ஒருநாள் டீ நேரத்தில் இதைச் சொன்னார். நான் அந்த பிரஸ் மேல் கோபம் வரவில்லையா என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"அது இன்னா சார் பண்ணும்? அதுக்குக் கண்ணு ஒண்ணு வெச்சிருந்தாங்க. அத்தயும் கட்டி உட்டாங்க. கண்ணைக் கட்டிட்டு ஒருத்தன் கைல கத்தியக் குடுத்தா அவன் இன்னா பண்ணுவான்? என்னை யாரும் பாத்துக்கல. அதையும் யாரும் பாத்துக்கல."

இதுதான் அவர். எதைப் பார்த்தாலும், இதை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது அவருடைய முதல் கேள்வியாக இருக்கும். லிஃப்ட், தெருநாய், ஆவடி ஏரியில் மிதக்கிற ஆகாயத்தாமரை, சினிமாவில் வருகிற ராட்சத இயந்திரம், எதற்கும் இந்த ஒரே கேள்விதான். உயிருள்ளது, உயிரில்லாதது என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோமே, அந்தப் பிரிவு அவருக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். தெரியும். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் முழுக்க அறிவியல் புனைவுப் படங்களாகவே போட்டோம். கல்லூரி ஆசிரியரின் யோசனை. படத்துக்குப் பிறகு அவர் பத்து நிமிஷம் பேசுவார். அதன்பின் மற்றவர்கள். கடைசியாக எல்லோரும் வாசல் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

விபத்தில் கை இழந்த விஞ்ஞானி ஒருவன் இரும்புக்கை பொருத்திக்கொண்டு நகரத்தையே நாசம் செய்கிற படம் ஒன்று. அன்றைக்கு எக்கா சொன்னது:

"கை போனவன் சினிமாவுல ஒண்ணு ஊரை அழிக்கிறான், இல்லாங்காட்டி ஊரைக் காப்பாத்துறான். எனக்குக் கை போயி பதினோரு வருசம் ஆவுது. நான் இன்னா பண்ணேன்? காலைல எழுந்து தோசை ஊத்தினேன். அத்த ஒருத்தனும் படம் எடுக்க மாட்றான்."

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை, ஓர் இயந்திரப் பெண் மனுஷியாக ஆசைப்பட்டு ஏங்குகிற படம். பின்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எக்காவுக்கு மனம் ஆறவில்லை.

"மனுசி ஆவணும்னு அந்தப் பொண்ணு அம்மாம் அழுவுது. பாவமா கீது சார். மனுசியாயி இன்னா பண்ணப் போவுது? டூட்டி முடிச்சிட்டு வந்து மாவு அரைக்கப் போவுதா? அது மிஷினாவே இருந்துட்டுப் போட்டும். மிஷினா இருந்தா மரியாதை இல்லன்னு அதுக்கு யாரு சொன்னது?"

கம்பெனியில் விரல்ரேகை வைத்து வருகையைப் பதிகிற பெட்டி புதிதாக வந்தது. வலது கட்டைவிரலைத்தான் வைக்க வேண்டும் என்று அமைத்துவிட்டார்கள். மூன்று நாள் அவர் வேலைக்கு வந்தும் வராதவராகவே பதிவானார். நாலாம் நாள் வீட்டிலிருந்து கல்யாணக்காரியைக் கொண்டுவந்து அதன் கட்டைவிரலைப் பெட்டியில் வைத்தார். பெட்டி கீச்சிட்டுச் சிவப்பு விளக்குக் காட்டியது. வரிசையில் நின்றவர்களிடம் திரும்பி, "கைல ரேகை நல்லாத்தான் போட்டுக் குடுத்தாங்க. ஆயுள் ரேகைகூட கீது. இதுக்குப் பத்தலையாம்" என்றார். அன்றைக்கே இடது விரலுக்கு மாற்றினோம். அதே வாரம் ஏதோ விண்ணப்பம் போடுவதற்காகக் கைபேசியை என்னிடம் கொண்டுவந்தார். "நான் ரோபோ இல்லைன்னு டிக் பண்ணச் சொல்லுது சார். பாதி டிக் பண்ண முடியுமா?" என்று கேட்டார். முகத்தில் சிரிப்பே இல்லை. நான் சிரித்து முடித்துவிட்டுப் பார்த்தபோதும் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

மழைக்காலத்தில் ஒரு நாள் கல்லூரி ஆசிரியர் நன்றாகத் தயாரித்துக்கொண்டு வந்து பேசினார். மனிதன்தான் எல்லாவற்றுக்கும் மையம் என்று இத்தனை காலம் நம்பிவிட்டோம், இந்தப் படங்கள் அந்த நம்பிக்கையை அசைக்கின்றன, இயந்திரமும் விலங்கும் காடும் கடலும் நம்மோடு பின்னிக் கிடக்கின்றன, மனிதன் என்பவன் தனித்து நிற்கும் ஒருவனே இல்லை என்றார். நல்ல பேச்சு. இன்றைக்கும் அதில் எனக்கு மறுப்பில்லை.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த எக்கா மெதுவாகத்தான் ஆரம்பித்தார்.

"மனுசன்தான் நடுவுலன்னு இம்மாங்காலமா நெனச்சுகினு இருந்தீங்களா சார்?"

"நான் மட்டும் இல்லம்மா. எல்லாரும்."

"எங்களை யாரும் நடுவுல குந்த வெச்சதே இல்லியே. எங்கப்பா காலத்துல வயலுக்கு ஓரமா நின்னோம். இப்போ மிஷினுக்கு ஓரமா நிக்கிறோம். கூட யாரு நின்னாங்கன்னு கேட்டா மாடு நின்னுச்சு, மோட்டார் நின்னுச்சு. நீங்க இப்பத்தான் நடுவுலேர்ந்து எழுந்து வர்றீங்க. வாங்க சார், எடம் கீது."

ஆசிரியர் தன் குறிப்புத்தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அடுத்த வாரத்திலிருந்து அவர் கடைசி வரிசையில் உட்கார ஆரம்பித்தார்.

இப்படியெல்லாம் படத்தில் பார்த்துப் பேசிக்கொண்டிருந்த விஷயம் எங்கள் ஷாப்புக்கே வந்து சேர்ந்தது. பெரிய பிரஸ் ஒன்றுக்குத் தகடு எடுத்துக்கொடுக்க ஒரு ரோபோ வாங்கினார்கள். ஆரஞ்சு நிறத்தில், ஆள் உயரத்தைவிடக் கூடுதலான ஒற்றைக் கை. அதைச் சுற்றிக் கம்பிவலை போட்டார்கள். அந்த பிரஸ்ஸை அதுவரை ஓட்டியவர் மூர்த்தி. பதினேழு வருஷ சர்வீஸ். கம்பிவலைக்கு வெளியே இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நம்ம கதை கந்தலாயிடுச்சு எக்கா. உன் சினிமால வர்ற வில்லன் நேரா நம்ம ஷாப்புக்கே வந்துட்டான்" என்றார்.

"அது வில்லன் இல்ல மூர்த்தி. பொறந்த கொழந்த. ஒண்ணும் தெரியாது அதுக்கு."

"கொழந்த என் சோத்துல மண்ணப் போடுதே."

எக்கா அன்றே மேனேஜரைப் போய்ப் பார்த்தார். ரோபோ கம்பெனியிலிருந்து வந்த இன்ஜினீயர் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தபோது கேள்வி கேட்டது இவர் ஒருவர்தான். ஆகவே ரோபோவைப் பழக்குகிற பொறுப்பை இவரிடம் தரலாம் என்று பேச்சு வந்திருந்தது. இவர் ஒரு நிபந்தனை வைத்தார். மூர்த்தி கூடவே இருக்க வேண்டும். "பிரஸ்ஸுக்கு ஒடம்பு சரியில்லன்னா சத்தத்துலயே அவருக்குத் தெரியும் சார். எனக்குத் தெரியாது. ரோபோக்கு சுத்தமாத் தெரியாது." மேனேஜர் மோசமான மனிதர் அல்ல. மூன்று மாதம் பார்க்கலாம் என்றார்.

ரோபோவைப் பழக்க, கையில் பிடிக்கிற ஒரு கட்டுப்பாட்டுப் பலகை உண்டு. அதை இரண்டு கையுள்ளவர்களுக்காகத்தான் செய்திருக்கிறார்கள். இடது கை பின்பக்கத்து விசையை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், வலது கை பொத்தான்களைத் தட்ட வேண்டும். அவர் பலகையை வாரில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். வேலைக்காரியின் ரப்பர் நுனியால் பொத்தானைத் தட்டினார். அந்தப் பின்பக்கத்து விசை அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அதை விட்டாலும் ரோபோ நின்றுவிடும். பயத்தில் இறுக்கி நசுக்கினாலும் நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவில் பிடித்திருக்க வேண்டும். "இத்த செஞ்சவன் புள்ள வளத்தவனா இருப்பான் சார்" என்றார்.

இன்ஜினீயர் எழுதிக்கொடுத்த அசைவுகளின்படி ரோபோ வேகமாகத்தான் ஓடியது. இரண்டாம் நாளே, தகட்டுக்கு வடிவம் கொடுக்கிற அச்சான டை உடைந்தது. தகடுகள் எண்ணெய்ப் பிசுக்கில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ரோபோ இரண்டு தகட்டைச் சேர்த்து எடுத்து உள்ளே வைத்துவிட்டது. மூர்த்தி வலைக்கு வெளியே நின்று, "நான் ஓட்டினப்போ இத்தினி வருசத்துல ஒரு தபா ஆச்சா, கேளு" என்றார். அந்தக் குரலில் சந்தோஷமும் இருந்தது, மறைக்கவில்லை.

"ஏன் ஆவல?" என்று இவர் கேட்டார்.

மூர்த்திக்குத் தெரியவில்லை. ஓட்டிக் காட்டச் சொன்னார். மூர்த்தி பழக்கதோஷத்தில் தகட்டைத் தூக்கினார், வைத்தார். தூக்கினார், வைத்தார். ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு இவர் நிறுத்தச் சொன்னார். தகட்டை எடுத்ததும் மூர்த்தியின் மணிக்கட்டு லேசாக ஒருக்களித்து ஒரு சிலுப்புச் சிலுப்பியது. ஒட்டிய தகடு இருந்தால் அதிலேயே நழுவி விழுந்துவிடும். பதினேழு வருஷமாகச் செய்கிறார், அவருக்கே தெரியாது.

அன்று மாலை வரை இருவரும் உட்கார்ந்து அந்தச் சிலுப்பலை ரோபோவுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மூர்த்தி கையை அசைப்பார், இவர் பொத்தானைத் தட்டுவார், ரோபோ அசையும், மூர்த்தி தலையாட்டி, "இல்ல எக்கா, இன்னும் கொஞ்சம் சோம்பேறித்தனமா" என்பார். கடைசியில் அந்த ஆரஞ்சுக் கை தகட்டைத் தூக்கி, மூர்த்தியைப் போலவே ஒருக்களித்து, ஒரு சிலுப்புச் சிலுப்பிவிட்டு உள்ளே வைத்தது. ஷாப்பில் எல்லோரும் கைதட்டினார்கள். மூர்த்தி மட்டும் தட்டவில்லை. கொஞ்ச நேரம் தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று மாதக் கெடுவைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை.

அடுத்த கோடையில் அந்தப் பாகத்துக்கு ஆர்டர் வரவில்லை. ரோபோ நாலு வாரம் சும்மா நின்றது. மறுபடி ஆர்டர் வந்து, திங்கட்கிழமை காலை வலைக்கதவைத் திறந்தபோது, ரோபோவின் அடிப்பீடத்தில், கேபிள்கள் நுழைகிற பொந்தில், வைக்கோலும் பாலிதீனும் இழுத்து வைத்து ஒரு மைனா கூடு கட்டியிருந்தது. உள்ளே மூன்று குஞ்சுகள். கண்கூடத் திறக்காதவை.

பீடம் அசையாது. ஆனால் கை இடது பக்கமாகச் சுழலும்போது முழங்கைப் பாகம் அந்தப் பொந்தை உரசிக்கொண்டுதான் போகும். ஒரே சுற்றில் கூடு போய்விடும். மேனேஜர் கூட்டை எடுத்து வெளியே மரத்தில் வைக்கச் சொன்னார். வைக்கலாம்தான். தாய்ப்பறவை அங்கே போகுமா என்பது யாருக்கும் தெரியாது.

"அரை நாள் குடு சார்" என்றார் அவர். "கை வலது பக்கமாவே சுத்திப் போற மாதிரி சொல்லிக் குடுத்துடறேன்."

"ஒரு பீஸுக்கு எவ்வளவு நேரம் கூடும்?"

"மூணு செகண்டு."

"வண்டி நாலு மணிக்கு வந்து நிக்கும்மா. மூணு செகண்டுங்கறது சாயங்காலத்துக்குள்ள எங்க போய் நிக்கும் தெரியுமா?" மேனேஜர் என் பக்கம் திரும்பினார். அசைவுகளை மாற்றினால் அதற்கு நான் கையெழுத்துப் போட வேண்டும். ஏதாவது தவறானால் பதில் சொல்ல வேண்டியவனும் நான்தான்.

உண்மையைச் சொல்கிறேன். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இயற்கையையும் இயந்திரத்தையும் பற்றி ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசிக்கொண்டிருந்தவன், திங்கட்கிழமை காலையில் ஒரு கையெழுத்துக்குப் பயந்தேன். அதற்குள் மூர்த்தி, "நான் அந்தாண்ட பழைய பிரஸ்ஸுல கையால ஓட்றேன் சார். ரெண்டும் சேந்தா நம்பர் வந்துடும்" என்றார். அந்தப் பழைய பிரஸ்ஸின் ஒளித்திரை சரியாக வேலை செய்கிறதா என்று மூன்று தடவை சோதித்துவிட்டுத்தான் எக்கா அவரை ஓட்ட விட்டார். நான் கையெழுத்துப் போட்டேன்.

பதினோரு மணிக்கு ரோபோ ஓட ஆரம்பித்தது. முதல் அசைவிலேயே தாய் மைனா அலறிக்கொண்டு கூரைக்குப் பறந்துவிட்டது.

திரும்பி வரவில்லை. பன்னிரண்டு ஆயிற்று. ஒன்று ஆயிற்று. பிரஸ் சத்தத்துக்கு நடுவிலும் குஞ்சுகள் கத்துவது மெல்லியதாகக் கேட்டது. அவர் சாப்பிடப் போகவில்லை. வலைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டே இருந்தார். நிறுத்தினால் பறவை வரும். நிறுத்தினால் வண்டிக்குச் சரக்கு இல்லை. எதற்கும் கலங்கி நான் பார்த்திராத அந்த முகத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பயத்தைப் பார்த்தேன்.

"மரத்துலயே கொண்டுபோயி வெச்சிருக்கணும். நான்தான் பெருசா பேசிட்டேன்" என்றார். "தப்பு பண்ணிட்டேனா சார்?"

ஒரு டீ வாங்கிவந்து கொடுத்தேன். அவர் அதைக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மணியை ஒட்டி மைனா கூரையின் குறுக்குக் கம்பிக்கு இறங்கியது. அங்கிருந்து தலையைச் சாய்த்து ரோபோவைப் பார்த்தது. கை வலப்பக்கம் போனது, தகட்டைத் தூக்கியது, சிலுப்பியது, பிரஸ்ஸில் வைத்தது, திரும்பி வந்தது. மைனா இன்னும் ஒரு கம்பி கீழே வந்தது. பத்துப் பதினைந்து சுற்று அப்படியே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு கை பிரஸ் பக்கம் திரும்பிய கணத்தில் விருட்டென்று இறங்கிப் பொந்துக்குள் போய்விட்டது. ரோபோ திரும்பி வந்தது. உள்ளேயே இருந்தது. மறுபடி கை அந்தப் பக்கம் போனதும் வெளியே பறந்தது.

"கணக்கா போவுது பாரு!" என்று மூர்த்தி கத்தினார். "எக்கா, எனக்கே அந்த டைமிங் வர ரெண்டு வருசம் ஆச்சு!"

எக்கா டீயை ஒரே மூச்சில் குடித்தார். ஆறிப்போயிருக்கும்.

மூன்றாம் நாளுக்குள் இரண்டு பறவைகளும் ரோபோவுக்கு இசைவாக வந்துபோகப் பழகிவிட்டன. வாயில் புழுவோடு குறுக்குக் கம்பியில் காத்திருக்கும், கை திரும்பியதும் இறங்கும். ஒரு குஞ்சு இடையில் கூட்டிலிருந்து விழுந்து இறந்துபோயிற்று. மூர்த்தி அதை எடுத்துக்கொண்டுபோய் வெளியே செடிகளுக்கு அடியில் புதைத்தார். மற்ற இரண்டும் பறந்தன. அதன்பின்னும் எக்கா அசைவுகளைப் பழையபடி மாற்றவில்லை. வேறு எங்கேயோ இரண்டு செகண்டை மிச்சம் பிடித்துக் காட்டினார். ஒரு செகண்டை மேனேஜர் மறந்துவிட்டார், அல்லது மறந்ததுபோல் இருந்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை படம் முடிந்ததும் கல்லூரி ஆசிரியர் அவரிடம் மைனா கதையைச் சொல்லச் சொன்னார். அவர் எழுந்து நின்று மூன்றே வரியில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதிலும் பாதி மூர்த்தி பழைய பிரஸ்ஸை ஓட்டியதைப் பற்றி.

பிறகு காலம் மாறிற்று. மருந்துக்கடை மாடியை வேறு யாருக்கோ விட்டுவிட்டார்கள். எங்கள் திரையிடலும் நின்றது. அவருக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் பெரிய தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்தது. நிறைய ரோபோக்கள், அவற்றைப் பழக்குகிற குழுவுக்கு இவர் தலைமை. போகும்போது வேலைக்காரியைத் துடைத்துப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஒரு செய்தி அனுப்புவார். அவ்வளவுதான்.

போன ஆடியில் ஒரு மாலை அம்பத்தூர் ரயில் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். தலையில் கொஞ்சம் நரை. வலது கையில் கருப்பாகப் புதிதாக ஒன்று இருந்தது. மின்சாரக் கையாம். முழங்கைக்குக் கீழே தசை அசைவதை உணர்ந்து தானே விரல்களைத் திறந்து மூடுமாம். பொருத்தி ஒரு வாரம்தான் ஆகிறது.

"நான் நெனைக்கிறது அதுக்குப் புரியணும். அது கேக்கிறது எனக்குப் புரியணும். ரெண்டு பேரும் கத்துகினு கீறோம் சார்" என்றார். பேசிக்கொண்டே, ஆவடிக்குப் போகிற அவருடைய நடைமேடைக்கே போனேன்.

"பேரு வெச்சாச்சா?"

"இன்னும் இல்ல. கொணம் தெரியட்டும்." கையை நீட்டினார். "குடுங்க பாக்கலாம்."

நான் கைகொடுத்தேன். விரல்கள் சின்ன முனகலோடு ஒவ்வொன்றாக மடங்கி என் கையைப் பிடித்துக்கொண்டன. வலிக்கவில்லை. ஆனால் விடவும் இல்லை. "உடு... உடும்மா..." என்று அவர் முன்கையை இறுக்கிப் பார்த்தார், தளர்த்திப் பார்த்தார். ஆவடி ரயில் வந்து நின்றது, எங்களைப் பார்த்துக்கொண்டே நாலு பேர் ஏறினார்கள், ரயில் போய்விட்டது. இருவரும் கைகோத்தபடி பெஞ்சில் உட்கார்ந்து, வயிறு வலிக்கச் சிரித்தோம். இரண்டு நிமிஷம் கழித்து, தானாக மனம் வந்ததுபோல், அது விட்டது.

அடுத்த ரயிலில் மகளிர் பெட்டியில் ஏறியவர், வாசல் கம்பியை அந்தக் கையாலேயே பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"ஒரு நல்லது கீது சார். கூட்டத்துல உழவே மாட்டேன். ஆனா எறங்க உடுமான்னுதான் தெரியல!"

வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தபோது, சரியாக இறங்கினீர்களா என்று செய்தி அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"ஆவடியில உடல சார். பட்டாபிராம்லதான் உட்டுச்சு. ஜாலியா வேடிக்கை பாத்துகினே போனோம்."

தனியாகத்தான் ரயில் ஏறியிருந்தார். 'போனோம்' என்று எழுதியிருந்தார்.